மாடி ஷெட்டுக்கு வெளிச்ச ஷீட் எதுங்க போடலாம்? ஃபைபர், பாலிகார்பனேட், யுபிவிசி எல்லாத்தையும் பக்கத்துல வச்சு ஒரு பார்வை

போன ரெண்டு மாசத்துல மூணு பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்விய கேட்டுட்டாங்க. திருப்பூர்ல ஒரு அக்கா, மொட்டை மாடியில 30க்கு 12 அடியில ஷெட் போட்டு தையல் மெஷின் நாலு இறக்கப் போறாங்க, பகல்ல லைட் போடாம வேலை நடக்கணும். காரைக்குடி பக்கம் ஒரு தம்பி, தாத்தா காலத்து வீடு, நடு முற்றத்துல குரங்கு இறங்கி சமையக்கட்டு வரைக்கும் வந்துடுதாம், முற்றத்தை மூடணும் ஆனா இருட்டாகக் கூடாது. நாகப்பட்டினத்துல ஒரு அண்ணன், கடல்ல இருந்து ஒரு கிலோமீட்டர்ல வீடு, கஜா புயல்ல மாட்டுக் கொட்டகைக் கூரை மொத்தமா போய் அப்புறம் தார்ப்பாய்லயே ஓட்டிட்டு இருந்தாரு, இப்ப நிரந்தரமா ஒண்ணு போடணும்ங்கறாரு.

மூணு பேருமே கடைக்குப் போயிட்டு வந்தவங்க. மூணு பேருக்கும் மூணு கடையில மூணு பதில், எல்லாமே "இதுதான் சார் பெஸ்ட்". நான் 14 வருஷமா ஷெட் வேலை எடுத்து செய்றேன், தப்பாவும் போட்டிருக்கேன், அடுத்தவங்க தப்பா போட்டதைப் பிரிச்சும் மாட்டியிருக்கேன், அதனால தெரிஞ்சதை முழுசா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கோங்க.

ஷீட் பேரைக் கேக்கறதுக்கு முன்னாடி

எல்லாரும் முதல்ல கேக்கறது சதுரடி என்ன ரேட். அது கடைசிக் கேள்விங்க. முதல் கேள்வி, கூரை முழுக்க வெளிச்சம் விடற ஷீட் வேணுமா, இல்ல வெளிச்சம் விடாத கூரைக்கு நடுவுல ஒண்ணு ரெண்டு பட்டை மட்டும் வேணுமா. பாதிப் பேர் இந்த இடத்துலயே சறுக்கிடறாங்க.

ஒரு கணக்கு சொல்றேன். நம்ம ஊர் உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர்ல சுமார் 1000 வாட் இறக்கும். தெளிவான 6 எம்எம் மல்டிவால் பாலிகார்பனேட் (உள்ள குழாய் குழாயா இருக்கற பிளாஸ்டிக் ஷீட்) அதுல 80 சதவீதம் கிட்ட உள்ள விட்டுடும். திருப்பூர் அக்காவோட ஷெட் 360 சதுரடி, அதாவது 33 சதுர மீட்டருக்கு மேல. முழுக்க க்ளியர் ஷீட் போட்டா மத்தியானம் 12 மணிக்கு உள்ள 26,000 வாட்டுக்கு மேல இறங்குது. 1000 வாட் அயர்ன் பாக்ஸ் 26 ஐ ஒரே ரூம்ல ஆன் பண்ணி வச்ச மாதிரி, அதுக்குள்ள நாலு பேர் உக்காந்து தைக்கணும்.

அதையே கலர் தகர ஷீட் போட்டு, நடுவுல 40 சதுரடிக்கு மட்டும் பால் வெள்ளை ஷீட் பட்டை விட்டா, அந்த ஷீட் 45 சதவீதம் விடுதுன்னு வச்சுக்கோங்க, உள்ள வர்ற வெயில் 1,700 வாட்டுக்குள்ள முடிஞ்சிடும். அப்ப வெளிச்சம் பத்துமா? வெளிய உச்சி வெயில் கிட்டத்தட்ட ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கற அளவு). அதுல பத்துல ஒரு பங்கு கூரை வழியா, அதுலயும் பாதிக்குக் கம்மி, தரையில சராசரியா 4,000-5,000 லக்ஸ் வரும். சுவர்ல கொஞ்சம் போகும், தூசி படிஞ்சு பாதியாகும், அப்பவும் 2,000 நிக்கும். தையல் மாதிரி நுணுக்க வேலைக்கு 750-1000 லக்ஸ் போதும். கூரைப் பரப்புல 5ல இருந்து 10 சதவீதம் வெளிச்சப் பட்டை விடறதுன்னு ஃபேக்டரி ஷெட் போடறவங்க சொல்றது சும்மா இல்ல.

முழுக்க பாலிகார்பனேட் போட்டா என்ன ஆகும்னு கண்ணால பாக்கணும்னா பொள்ளாச்சி பக்கம் போங்க. வேளாண் பொறியியல் துறை மானியத்துல போடற சூரியக் கூடார உலர்த்தி, தேங்காப் பருப்பு காய வைக்க, அந்தக் கூடாரமே பாலிகார்பனேட் ஷீட்தான். கொப்பரை காயறதுக்குன்னே கட்டற கூரையை மனுஷங்க தலைக்கு மேல போட்டுட்டு ஃபேன் வாங்கி மாட்டறோம்.

இது முடிவான பிறகு பாக்க வேண்டியது இதெல்லாம்:

- எத்தனை வருஷம் மஞ்சளாகாம, நொறுங்காம நிக்கும் (யுவி பாதுகாப்பு)
- வெயில்ல எவ்வளவு நீளும், மழையில எங்க ஒழுகும்
- உங்க ஊர்க் காத்து
- மேல என்ன விழும்: தேங்கா, மட்டை, குரங்கு, தீபாவளி ராக்கெட்
- மேல யாராவது ஏறுவாங்களா
- ஷீட் விலை இல்ல, ஷீட்டுக்குக் கீழ போற இரும்போட சேர்த்து மொத்த விலை

காத்து விஷயம் நிறைய பேருக்குத் தெரியறதில்ல. ஐஎஸ் 875ங்கற இந்தியத் தர நிர்ணயத்தோட மூணாம் பாகத்துல ஊர் ஊருக்கு அடிப்படைக் காத்து வேகம் குடுத்திருக்காங்க. சென்னைக்கு செகண்டுக்கு 50 மீட்டர், கோவை மதுரைக்கு 39. கேக்க கொஞ்ச வித்தியாசம் மாதிரி இருக்கும், ஆனா அழுத்தம் வேகத்தோட வர்க்கத்துல ஏறும். 39க்கு சதுர மீட்டருக்கு சுமார் 90 கிலோன்னா 50க்கு 150 கிலோ. கோயம்புத்தூர்ல நல்லா நிக்கற அதே டிசைனை கடற்கரை ஊர்ல போட்டா அது பறக்கறதுக்கு இதுதான் காரணம்.

1. ஃபைபர் ஷீட் (எஃப்ஆர்பி)

பாலியெஸ்டர் ரெசின்ல கண்ணாடி இழை கலந்து செய்றது. பழைய பஸ் ஸ்டாண்ட், ரைஸ் மில், கல்யாண மண்டபப் பின்பக்கம்னு நாம சின்ன வயசுல பார்த்த பச்சைக் கூரை எல்லாம் இதுதான். விலை இருக்கறதுலயே கம்மி, எந்தத் தகர ஷீட் நெளிவுக்கும் அச்சா கிடைக்கும், சிமெண்ட் ஷீட் நெளிவுக்கும் கிடைக்கும். ஐஎஸ் 12866னு இதுக்குத் தனித் தர நிர்ணயமே இருக்கு, அந்த முத்திரை இருக்கான்னு கேளுங்க.

இதோட ஒரு நல்ல குணத்தை யாரும் சொல்றதில்ல, வெயில்ல ரொம்ப நீளாது. 12 அடி ஷீட் 40 டிகிரி வித்தியாசத்துக்கு 4 எம்எம் போல நீளும், பாலிகார்பனேட் அதே அளவுக்கு ஒன்பதரை எம்எம் நீளும். தகரத்தோட சேர்த்து மாட்டும்போது ஸ்க்ரூ ஓட்டை பிய்யறது இதுல கம்மி.

கெட்டதுன்னா வயசு. வெயில் மேல் ரெசினை அரிச்சு அரிச்சு உள்ள இருக்கற இழை வெளிய வந்துடும், கையால தடவினா அரிக்கும், அந்த இழைக்கு நடுவுல தூசி பாசி எல்லாம் ஏறி நின்னு, கழுவினாலும் போகாது. ஷீட் உடைஞ்சிருக்காது, ஆனா வெளிச்சம் பாதி போயிருக்கும். மேல யுவி ஃபிலிமோ நல்ல ஜெல்கோட்டோ (மேல் ரெசின் பூச்சு) இருந்தா இது தள்ளிப் போகும், அது இல்லாத ஷீட்டைத்தான் கடையில மேல அடுக்கி வச்சிருப்பாங்க. இன்னொண்ணு, சாதா ரெசின் நல்லா எரியும், கரும்புகை. விறகடுப்பு, கேஸ் அடுப்பு, வெல்டிங் நடக்கற இடத்துக்கு மேல இதைப் போட நான் ஒத்துக்கறதில்ல.

ஃபைபர் சரியா வர்ற இடம்: அஞ்சாறு வருஷத்துல எப்படியும் பிரிக்கப் போற தற்காலிக ஷெட், பழைய சிமெண்ட் ஷீட் கூரையில ஒரு ஷீட்டை மட்டும் எடுத்துட்டு வெளிச்சத்துக்கு மாத்தறது.

2. மல்டிவால் பாலிகார்பனேட்

உள்ள குழாய் குழாயா இருக்குமே அந்த ஷீட். 4, 6, 8, 10, 16 எம்எம்ல வரும். வீடுகள்ல அதிகம் விக்கறது 6, போர்ட்டிகோ, ஓடிஎஸ் (வீட்டுக்குள்ள வானம் பாக்க விடற திறந்த இடம்), முற்றம் எல்லாத்துக்கும் இதைத்தான் முதல்ல காட்டுவாங்க. 6 எம்எம் ஷீட் சதுர மீட்டருக்கு 1.3 கிலோதான், அவ்வளவு லேசு. அடிச்சா சட்டுனு உடையாது, வளைச்சு ஆர்ச் மாதிரி மாட்டலாம்.

இதுல நான் ரொம்ப நேரம் செலவு பண்ணப் போறேன், ஏன்னா இதுலதான் அதிகம் ஏமாறறாங்க.

முதல்ல எடை. 6 எம்எம்னு சொல்லி வெளியளவை மட்டும் 6 வச்சுட்டு உள்சுவரை மெலிசா இழுத்த ஷீட் நிறைய வருது. கண்டுபிடிக்க ஒரே வழி, சரியா ஒரு சதுரடி சாம்பிள் வெட்டித் தரச் சொல்லி சமையலறைத் தராசுல வைங்க. 6 எம்எம்னா 120 கிராம் கிட்ட வரணும், 10 எம்எம்னா 155-160. 90, 95 கிராம் காட்டுச்சுன்னா வச்சுட்டு வந்துடுங்க.

ரெண்டாவது யுவி பக்கம். பாலிகார்பனேட் தானா வெயில் தாங்காது, மேல மெல்லிசா ஒரு யுவி அடுக்கை சேர்த்து இழுத்திருப்பாங்க, சாதாரணமா ஒரு பக்கம் மட்டும்தான். எந்தப் பக்கம்னு அந்தப் பாதுகாப்பு ஃபிலிம்லதான் அச்சடிச்சிருக்கும், ஃபிலிமை உரிச்சுட்டா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும், யாராலயும் சொல்ல முடியாது. எங்க அத்தை வீட்டு போர்ட்டிகோவுக்கு மாட்ட வந்த பசங்க மேல ஏத்த வசதின்னு கீழயே ஃபிலிமை உரிச்சுட்டாங்க. எட்டு ஷீட்ல மூணு தலைகீழா போச்சு. மூணாவது வருஷம் அந்த மூணு மட்டும் டீத்தண்ணி கலர், பக்கத்துல அஞ்சு புதுசு மாதிரி. அன்னைக்கு நான் வேற சைட்ல இருந்தேன், போய் நின்னிருக்கணும்னு இன்னைக்கும் மனசு உறுத்தும். ஃபிலிமை மாட்டி முடிச்ச அன்னைக்கு உரிக்கணும், அதுக்கு முன்னாடியும் வேணாம், ஒரு மாசம் விட்டுட்டும் உரிக்க வேணாம், வெயில்ல ஒட்டிப் பிடிச்சுக்கும்.

மூணாவது அந்தக் குழாய்கள். அது சரிவு வாக்குல, மேல இருந்து கீழ ஓடணும். மேல் முனையை அலுமினியம் டேப் போட்டு முழுசா மூடணும், கீழ் முனைக்கு மூச்சு விடற டேப், அது தண்ணியை வெளிய விடும் தூசியை உள்ள விடாது. இந்த டேப் செலவு மொத்த வேலையில ரொம்ப சின்னது, ஆனா பத்துல எட்டு வீட்டுல சிலிக்கானை அப்பிட்டுப் போயிருப்பாங்க இல்ல சும்மா விட்டிருப்பாங்க. ஒரு மழைக்காலம் முடிஞ்சதும் உள்ள பச்சைப் பாசி, சித்தெறும்பு, மண், அதை எந்த ஜென்மத்துலயும் கழுவி எடுக்க முடியாது. சிலிக்கான் போட்டாலும் நியூட்ரல் வகைதான், புளிப்பு வாடை அடிக்கறது வேணாம். தின்னர், பெயின்ட், மெதுவான பிவிசி வாஷர் இதெல்லாம் பாலிகார்பனேட்டுக்கு ஆகாது, மயிரிழை மாதிரி வெடிப்பு விடும். ஈபிடிஎம் ரப்பர் வாஷர் மட்டும் போடச் சொல்லுங்க.

நாலாவது நீளறது. மேல சொன்ன ஒன்பதரை எம்எம் கணக்கு. மார்கழிக் காலையில 20 டிகிரி, சித்திரை மத்தியானம் ஷீட் 60 டிகிரி, 12 அடியில ஒரு சென்டிமீட்டர் கிட்ட ஷீட் நீளுது, கீழ இருக்கற இரும்பு 2 எம்எம் கூட நீளல. ஸ்க்ரூவை நேரா துளைச்சு இறுக்கிட்டா ஷீட் எங்க போகும்? ஒண்ணு அலை அலையா தூக்கும், இல்ல ஓட்டையில இருந்து வெடிக்கும். ஸ்க்ரூ 6 எம்எம்னா ஓட்டை 9-10 எம்எம், வாஷர் பெருசா, இறுக்கம் கை அளவு. அதோட ராத்திரி படார் படார்னு சத்தம் வருதுன்னு சிலர் பயந்து கேப்பாங்க, அது ஷீட் சுருங்கற சத்தம்தான், அதுவும் இறுக்கமா மாட்டின இடத்துலதான் அதிகம் வரும்.

"டபுள் லேயர் சார், ஹீட்டே வராது"னு சொல்றதை நம்பாதீங்க. நடுவுல இருக்கற காத்து கடத்தல் சூட்டைத்தான் குறைக்கும். நேரா உள்ள வர்ற வெயிலை நிறம்தான் குறைக்கும். க்ளியர் 80ன்னா, பால் வெள்ளை பாதியோ அதுக்கும் கம்மியோ, ப்ரான்ஸ் நிறமும் அந்த ரேஞ்ச்தான். நீலம் பச்சை பாக்க குளிர்ச்சியா இருக்கும், ஆனா கீழ எல்லாமே அந்த நிறம் ஆயிடும், தையல் அக்கா நூல் கலர் பாத்து எடுக்கவே முடியாது, பால் வெள்ளை ஒண்ணுதான் நிறத்தைக் கெடுக்காது.

மறைஞ்சிருக்கற செலவு: 6 எம்எம்முக்கு ரெண்டு அடிக்கு ஒரு பர்லின் (ஷீட்டைத் தாங்கற குறுக்கு இரும்பு) வேணும். ஷீட்டை இணைக்கற அலுமினியம் எச் ப்ரொஃபைல், முனையை மூடற யு ப்ரொஃபைல், டேப், எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ எல்லாம் சேர்ந்தா ஷீட் விலைக்குக் கிட்ட வந்துடும், கோட்டேஷன்ல இதெல்லாம் தனியா எழுதச் சொல்லுங்க. 18 சதவீத ஜிஎஸ்டி உள்ளயா வெளியவான்னும் கேட்டுடுங்க.

3. தகரக் கூரைக்கு நடுவுல நெளி பாலிகார்பனேட் பட்டை

என்னைக் கேட்டா பத்து ஷெட்ல ஏழுக்கு இதுதான் சரி. மல்டிவால் மாதிரி குழாய் கிடையாது, ஒரே தகடு, 1-1.2 எம்எம், கலர் ஷீட்டோட நெளிவுலயே அச்சடிச்சு வரும். கலர் ஷீட் மாட்டிக்கிட்டே வந்து ஒரு இடத்துல அதுக்குப் பதில் இதை மாட்டிட்டு மேல போறது, அவ்வளவுதான். குழாய் இல்லாததால பாசி, எறும்பு தொல்லை இல்ல. தனி ப்ரொஃபைல் செலவு இல்ல. ஃபைபரை விட விலை கூட, ஆனா பத்து வருஷம் வாரண்டி எழுதித் தர்ற கம்பெனிகள் இருக்கு.

கவனிக்க வேண்டியது நெளிவு. தகரத்துக்குத் தகரம் நெளி முகடு தூரமும் உயரமும் மாறும், அளவு சொல்லி வாங்கினா 5 எம்எம் தப்பி, ரெண்டு ஷீட்டும் ஒண்ணு மேல ஒண்ணு உக்காராம தூக்கிட்டு நிக்கும், ஐப்பசி மழையில அந்த இடத்துலதான் ஒழுகும். உங்க கலர் ஷீட்ல ஒரு அடித் துண்டு வெட்டி கையில எடுத்துட்டு கடைக்குப் போங்க. பட்டையை கூரை உச்சியில இருந்து கீழ மழைத்தண்ணி கட்டர் வரைக்கும் ஒரே நீளமா விடுங்க, நடுவுல குட்டியா ஜன்னல் மாதிரி விட்டா மேலயும் கீழயும் ரெண்டு ஜாயின்ட் கூடும். பக்கவாட்டு மடிப்புல சீலிங் டேப் கண்டிப்பா வேணும்.

ஒரு சின்ன வேலை, பெரிய பலன்: வெளிச்சப் பட்டை உக்கார்ற இடத்துல பர்லின் மேல் முகத்துக்கு வெள்ளை பெயின்ட் அடிச்சு நல்லா காய விடுங்க. கறுப்பு ப்ரைமரோட விட்டா அந்த இரும்பு வெயில்ல கொதிச்சு ஷீட்டை அந்தக் கோட்டுலயே வேக வச்சுடும். ஆறேழு வருஷமான ஷெட்ல சரியா பர்லினுக்கு மேல வரிவரியா பழுப்பு விழுந்திருக்கறதைப் பார்த்திருப்பீங்க.

எந்தத் திசையில விடறதுன்னு கேப்பாங்க. வடக்குச் சரிவுல விட்டா வெயில் வராதுன்னு புத்தகத்துல போட்டிருக்கும், அது குளிர் நாட்டுக்கு. சென்னை 13 டிகிரி அட்சத்துல இருக்கு, சித்திரை பாதியில இருந்து ஆடி முடியற வரைக்கும் மத்தியானச் சூரியன் நமக்கு வடக்கதான் நிக்கும், தெற்கே போகப் போக அந்த நாள் இன்னும் கூடும். அதனால திசையை விட பால் வெள்ளை நிறம்தான் நம்மளைக் காப்பாத்தும். மேற்குச் சரிவு மட்டும் வேணாம், கிழக்கு நல்லது, காலை வெளிச்சம் வேலைக்கு உதவும் மத்தியானம் ஓய்ஞ்சிடும்.

4. யுபிவிசி கூரை, நடுவுல வெளிச்ச ஷீட்

யுபிவிசிங்கறது கெட்டியான பிவிசி பிளாஸ்டிக். கடலோர ஊர்க்காரங்க இதைக் கொஞ்சம் கவனமா படிங்க. துருங்கற பேச்சே இல்ல, மாட்டு மூத்திர ஆவி, உப்புக்காத்து, உர மூட்டை எதுக்கும் அசையாது. தகரத்தை விட மழைச்சத்தம் ரொம்பக் கம்மி, கீழ சூடும் கம்மி, சட்டுனு தீப்பிடிக்காது.

ஆனா பிவிசி 75-80 டிகிரியிலயே மெத்துனு ஆக ஆரம்பிக்கும். கறுப்பு, கருஞ்சிவப்பு மாதிரி அடர் நிறம் எடுத்து பர்லினை நாலடிக்கு ஒண்ணு வச்சா ரெண்டு கோடையில நடுவுல தொங்கிடும். ரெண்டு, ரெண்டரை அடிக்கு ஒரு பர்லின், வெள்ளையோ வெளிர் நிறமோ. அப்ப இரும்புச் செலவு தகரக் கூரையை விடக் கூடும், "ஷீட் விலை தகரத்துக்குச் சமம்தான்"னு சொல்றவங்க இதைச் சேர்க்கறதில்ல. வெளிச்சப் பட்டைக்கு அதே நெளிவுல பாலிகார்பனேட் இருக்கான்னு முதல்லயே கேட்டு உறுதி பண்ணிட்டு அப்புறம் கூரை ஷீட்டையே தேர்ந்தெடுங்க. வெளிச்சம் விடற பிவிசி ஷீட்டையே நடுவுல போடறாங்க, அதை நான் நம்பறதில்ல, வெயில்ல சீக்கிரம் மஞ்சளாகி மொறுமொறுன்னு ஆயிடுது.

5. சாலிட் பாலிகார்பனேட், அக்ரிலிக், கண்ணாடி ஓடு

சாலிட் பாலிகார்பனேட் கண்ணாடி மாதிரி தெளிவு, 3 எம்எம் சதுர மீட்டருக்கு 3.6 கிலோ, அடி தாங்கறதுல இதை மிஞ்ச ஆள் இல்ல, விலையும் அப்படித்தான். அக்ரிலிக் 92 சதவீதம் வெளிச்சம் விடும், வருஷக்கணக்கா மஞ்சளாகாது, ஆனா தேங்கா விழுந்தா போச்சு. ஓட்டு வீடா இருந்தா இதெல்லாம் எதுவுமே வேணாம், மங்களூர் ஓட்டு அளவுலயே கண்ணாடி ஓடு வருது, ரெண்டு மூணு ஓட்டை எடுத்துட்டு அதை மாட்டுங்க, நம்ம பாட்டி வீட்டு சமையக்கட்டுல விழுமே ஒரு வெளிச்சக்கத்தை, அதேதான்.

ஒரே பார்வையில

| பாக்க வேண்டியது | ஃபைபர் | மல்டிவால் பாலிகார்பனேட் | தகரம் + நெளி பாலிகார்பனேட் பட்டை | யுபிவிசி + வெளிச்சப் பட்டை |
|---|---|---|---|---|
| ஷீட் விலை | கம்மி | நடு | நடு | நடு |
| கூட வர்ற செலவு | கம்மி | ப்ரொஃபைல், டேப், நெருக்கமான பர்லின் | சீலிங் டேப் மட்டும் | நெருக்கமான பர்லின் |
| மத்தியான சூடு | எவ்வளவு பரப்போ அவ்வளவு | முழுக்க போட்டா ரொம்ப அதிகம் | தகரச் சூடு இருக்கும், வெயில் கம்மி | இருக்கறதுலயே கம்மி |
| வெளிச்சம் குறையற காரணம் | இழை வெளிய வந்து அழுக்கு | குழாய்க்குள்ள பாசி | மேல் தூசி, கழுவினா போகும் | மேல் தூசி, கழுவினா போகும் |
| 12 அடிக்கு வெளிச்ச ஷீட் நீளறது | 4 எம்எம் | 9.5 எம்எம் | பட்டை மட்டும் 9.5 எம்எம் | பட்டையும் கூரையும் கிட்டத்தட்ட ஒண்ணா |
| உப்புக்காத்து | பரவால்ல | நல்லது | தகரம் துருப்பிடிக்கும் | ரொம்ப நல்லது |

யாருமே கோட்டேஷன்ல எழுதாத ஒண்ணு

வெளிச்ச ஷீட் மேல கால் வைக்கக் கூடாது. எந்த ஷீட்டா இருந்தாலும். புதுசுல எல்லாருக்கும் தெரியும், அஞ்சு வருஷம் கழிச்சு தூசி படிஞ்சு தகரமும் அதுவும் ஒரே நிறமா தெரியும்போதுதான் ஆபத்து. எங்க தெருவுல தண்ணி டேங்க் கழுவ ஏறினவர் பழைய ஃபைபர் ஷீட்ல கால் வச்சு, 11 அடி கீழ சிமெண்ட் தரையில விழுந்தாரு. இடுப்பெலும்பு. ரெண்டு பொம்பளைப் புள்ளைங்க, ஏழு மாசம் வேலைக்குப் போகல, அந்த வீட்டுக்காரங்களும் மனசொடிஞ்சு போனாங்க, கூரையைப் போட்டவன் எங்கயோ இருக்கான். அதுல இருந்து நான் எடுக்கற எந்த ஷெட்லயும் பட்டைக்குக் கீழ வெல்டட் மெஷ் வச்சு பர்லினோட பத்த வைக்கிறேன், பட்டைக்கு ரெண்டு பக்கமும் தகரத்து மேல மஞ்சக் கோடு அடிக்கிறேன். பெயின்ட் பாலிகார்பனேட் மேல படக் கூடாது, தகரத்து மேல மட்டும். சோலார் பேனல், டேங்க், டிஷ் ஆன்டெனா எதுக்காவது ஆள் ஏறற கூரைன்னா அந்த வழியில பட்டையே விடாதீங்க.

அப்ப மூணு பேருக்கும்

திருப்பூர் அக்காவுக்கு: வெள்ளை நிறக் கலர் ஷீட், ஒரே ஒரு பால் வெள்ளை நெளி பாலிகார்பனேட் ஷீட்டை நீளவாக்குல ரெண்டா அறுத்து ரெண்டு இடத்துல பட்டையா விடுங்க, மெஷினுக்கு நேர் மேல வேணாம், ஒரு மூணடி தள்ளி, அப்பதான் ஊசி முனையில கண்ணு கூசாது. மிச்சமாகற காசுல கூரைக்குக் கீழ சூடு தடுக்கற இன்சுலேஷன் போடுங்க. சுவர் மேல ஒன்றரை அடி மெஷ் விட்டு காத்து போக வழி வைங்க.

காரைக்குடி தம்பிக்கு: முற்றத்துக்கு மட்டும் நான் மல்டிவாலைத்தான் சொல்வேன், 10 எம்எம், பால் வெள்ளை. ஆனா ஓட்டோட ஒட்டி மூடிடாதீங்க. அந்த முற்றம் வழியாதான் வீட்டுச் சூடெல்லாம் மேல போகுது, அதை அடைச்சா செட்டிநாட்டு வீடு அடுப்பாயிடும். சுத்தி ரெண்டடி உயரத்துக்குச் சட்டம் நிறுத்தி, அந்த இடைவெளியில குரங்கு நுழையாத மெஷ், அதுக்கு மேல கூரை, ஓரம் ஒன்றரை அடி வெளிய நீட்டிக்கிட்டு, சாரல் உள்ள வராது. குரங்கு கூரை மேல குதிக்கத்தான் செய்யும், அதனாலதான் 6 வேணாம்னு சொல்றேன். பர்லினை ரெண்டடிக்கு மேல தள்ளாதீங்க. கொல்லத்துக்காரரை (கொத்தனாரை) கூப்பிட்டு பழைய ஓட்டு விளிம்புல சட்டத்தோட கால் உக்கார்ற இடத்தைப் பார்த்துக்கச் சொல்லுங்க, சுண்ணாம்புச் சுவர்ல ஆங்கர் போல்ட் அடிச்சா பொலபொலன்னு உதிரும், மரத்தூண் மேல இருக்கற உத்தரத்துல ஏத்தறதுதான் பாதுகாப்பு.

நாகப்பட்டினம் அண்ணனுக்கு: யுபிவிசி, வெளிர் நிறம், பர்லின் ரெண்டடிக்கு ஒண்ணு, ஓரத்துல ஒன்றரை அடிக்கு, ஏன்னா புயல்ல கூரை ஓரத்துலதான் முதல்ல பிய்யும். ஒவ்வொரு நெளி முகட்டுலயும் 304 எஸ்எஸ் ஸ்க்ரூ, ஜிங்க் ஸ்க்ரூ உங்க ஊர்ல ரெண்டு வருஷம் கூட தாங்காது. இரும்பை கால்வனைஸ் பண்ணின பைப்பா வாங்குங்க, வெல்டு பண்ற இடத்துல மட்டும் ஜிங்க் பெயின்ட். வெளிச்சப் பட்டை ஒண்ணு போதும், மாடு கட்டற இடத்துக்கு மேல வேணாம், தீவனம் வைக்கிற நடைபாதை மேல விடுங்க, ஓரத்துல இருந்து ரெண்டு ஷீட்டாவது உள்ள தள்ளி. பக்கத்துல தென்னை நிக்குதுன்னு சொன்னீங்க, மட்டையும் காயும் விழற வட்டத்துக்குள்ள பட்டை வராம, மரத்தடியில இருந்து அளந்து பார்த்து இடத்தைக் குறிச்சுட்டு எனக்கு ஒரு ஃபோட்டோ அனுப்புங்க, கம்பம் ஊனறதுக்கு முன்னாடியே பார்த்துச் சொல்றேன்.